பதினேழாவது கேள்வி

கடல் மட்டத்துக்கு மேல் நாலாயிரத்து இருபது மீட்டர்.
கடலைப் பார்த்தவர் இங்கே ஒருவரும் இல்லை.
தண்ணீர் எண்பத்தாறு டிகிரியில் அவசரப்பட்டுக் கொதித்துவிடும்.
அந்தச் சூட்டில் தேயிலை
பாதி மனதோடுதான் நிறம் விடும்.

பாமிரின் இந்தப் பக்கம் மரமென்று எதுவுமில்லை.
தெரெஸ்கென் இருக்கிறது:
மண்ணுக்கு மேலே ஒரு சாண்,
கீழே எவ்வளவு என்று நானே முழுதாகத் தோண்டிப் பார்த்ததில்லை.
பச்சையாகப் பிடுங்கிப் போட்டாலும் எரியும்.
அதுதான் அதன் தலையெழுத்து.

பகலில் செடிகளை எண்ணுகிறேன்.
பத்துக்குப் பத்து மீட்டர், நாலு இரும்பு ஆணி, ஒரு நைலான் கயிறு.
போன கோடையில் உள்ளே நாற்பத்தொன்று.
நேற்று பத்தொன்பது.
காய்ந்த வேர் ஒன்றை ரம்பத்தால் அறுத்து
லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
தொண்ணூற்று மூன்று வளையம்;
பருமன் என் கட்டைவிரல்.

இருட்டியதும் மனிதர்களை எண்ணுகிறேன்.
அது வேறு நிறுவனம், வேறு படிவம்;
குளிர் மட்டும் அதே.

புருல்கன் வீட்டில் ஜன்னல் என்பது
பழைய ராணுவ லாரியின் முன்கண்ணாடி.
நான் பேசும் கிர்கிஸைக் கேட்டுச் சிரிக்கிறாள்:
"கோரோக்கில் இதைப் பள்ளிக்கூடத்திலா விற்கிறார்கள்?"
ரொட்டியை உடைத்து என் பக்கம் அதிகம் தள்ளுகிறாள்.

வீட்டில் எத்தனை பேர்? ஆறு.
யாக்? பதினொன்று. இல்லை, பத்து. ஓநாய்.
பேனா உறைந்துபோய் எழுத மறுத்தது.
அவள் அதை வாங்கி
அடுப்பின் விளிம்பில் வைத்தாள்.
நான் இருமினேன்.
மெங்டிபாய் மகனைப் பார்த்தார்;
எர்மெக் சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பதினேழாவது கேள்வி:
ஒரு நாளில் எத்தனை கிலோ தெரெஸ்கென் எரிக்கிறீர்கள்?

"விருந்தாளி இருக்கும் நாளா, இல்லாத நாளா?"

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான்.
சராசரியாகச் சொல்லுங்கள் என்றேன்.
கிர்கிஸில் சராசரிக்கு என்ன சொல்வதென்று
எனக்குத் தெரியவில்லை, கையால் காற்றைச் சமன்படுத்திக் காட்டினேன்.

"நாங்கள் மட்டும் என்றால் சாணி வரட்டி போதும்," என்றாள்.
"முன்பு ஓஷிலிருந்து நிலக்கரி வந்தது, லாரி லாரியாக.
அப்போது இந்தச் செடியை
ஆடும் யாக்கும்தான் கேட்டன.
லாரி ஏன் நின்றது என்று உன் தாளில் இருக்கிறதா?"

புரட்டினேன். முப்பத்தெட்டு கேள்விகள்.
இல்லை.

"அதை எழுதியவர் வீட்டில்
அடுப்பு தானாகவே எரிகிறது போல," என்றார் மெங்டிபாய்,
கோபமில்லாமல், யாக்கின் விலையைச் சொல்வதுபோல.

அரை மணியில் சாக்கு திரும்பியது.
என் கொக்கித் தராசை விட்டத்தில் மாட்டிக்
கேலியோடு நிறுத்துக் கொடுத்தார்கள்:
நாலு கிலோ, முந்நூறு கிராம்.
எழுது, எழுது.
பேனா உருகியிருந்தது. எழுதினேன்.
அன்றிரவு இருமலின்றித் தூங்கினேன்.

காலையில் கட்டத்துக்குப் போனேன்.
பதினைந்து.
வடகிழக்கு ஆணிக்கு அருகில் நாலு குழிகள்,
உறைபனி இன்னும் படியாத புது மண்.
சுற்றிலும் தேடினேன்:
வீட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில்
வேறு எங்கும் செடியே இல்லை,
என் கயிற்றுக்குள் தவிர.

அவிழ்த்த கயிறு
திரும்பக் கட்டப்பட்டிருந்தது,
நான் போட்ட முடிச்சைவிட நேர்த்தியாக.
யாக் கன்றைக் கட்டும் முடிச்சு.

இழப்புக்குக் காரணம்: மூன்று கட்டங்கள்.
மேய்ச்சல். மனிதர். தெரியவில்லை.
"மனிதர்" என்பதற்கு எதிரே பேனாவை வைத்தேன்.
மறுபடி உறைந்திருந்தது.

அக்குளில் அதைச் செருகிக்கொண்டு
காற்றுக்கு முதுகைக் காட்டி
குழிகளுக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருக்கிறேன்.